தலைவர் போன பிறகும் செய்தி இருக்கிறது

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கூனிமேட்டிலிருந்து மரக்காணம் வரை கடலோர ஊர்கள் மழையில் தத்தளித்தன. உப்பளங்கள் ஏரிபோல் நிரம்பி நின்றன. டிசம்பர் 3 அன்று, அந்த ஊர்கள் உள்ள விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டில் அப்போதைய அமைச்சர் பொன்முடி மீது சேறு வீசப்பட்டது. வீசியவர் எந்தக் கட்சி என்பதே ஊடகங்களில் பரபரப்பான விவாதமானது. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்ட நீர் பற்றிய எச்சரிக்கை ஊர்களுக்கு எப்போது போய்ச் சேர்ந்தது என்ற கேள்விக்குரிய நேரத்தை அந்தச் சேறு விழுங்கியது.

இப்படிச் செய்தியைக் கட்சி வழியே பார்க்கும் ஊடகச் சார்பு புதிதல்ல. 2001 ஜூன் 30 அதிகாலை கருணாநிதி கைதானபோது, போலீஸார் அவரை இழுத்துச் செல்வதை சன் டி.வி. திரும்பத் திரும்பக் காட்டியது; போலீஸாரே தாக்கப்பட்டதாக ஜெயா டி.வி. காட்டியது. ஒரே கைது, இரண்டு கதைகள். பின்னர் கலைஞர், மக்கள், கேப்டன், நியூஸ் ஜெ என்று கட்சிக்கொரு சேனல் வந்தது.

கட்சி சேனலின் நிறம் பார்ப்பவருக்குத் தெரியும். நடுநிலை என்று சொல்லிக்கொள்ளும் ஊடகங்களிடம்தான் கூடுதல் கவனம் தேவை. அரசு விளம்பரமும் அரசு கேபிளில் கிடைக்கும் இடமும் ஆட்சியாளர் கையில் இருக்கின்றன. தலைவர் முகத்துக்குப் பார்வையாளரும் அதிகம். புகழ்ந்தாலும் திட்டினாலும் திரையில் அவரே நிற்கிறார்.

தலைவரையே திரையில் நிறுத்துவதன் விலை என்ன? 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் பத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. முதல்வர் ஸ்டாலின் முண்டியம்பாக்கம் மருத்துவமனைக்கு வந்தார், இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா 10 லட்ச ரூபாய் நிவாரணம் அறிவித்தார், எதிர்க்கட்சிகள் ராஜினாமா கேட்டன. சில நாளில் கேமராக்கள் கிளம்பிவிட்டன. மெத்தனால் எந்த வழியாக வருகிறது என்பதை மாதக்கணக்கில் விடாமல் துரத்தியிருக்க வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அதே மெத்தனால் 60-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது.

மரக்காணத்து உப்பளங்களிலும் இப்படித்தான் செய்தி தொடர்கிறது: மழை வடிந்ததும் தொழிலாளர்கள் சேற்று நீரை இறைத்து, பாத்தியைக் காலால் மிதித்து இறுக்க வேண்டும். அதுவரை உப்பும் இல்லை, கூலியும் இல்லை. மழைக்காலத்துக்கென அரசு தரும் 5,000 ரூபாய் யாருக்கெல்லாம் கிடைத்தது, யார் விடுபட்டார்கள் என்று பாத்திக்கே போய்க் கேட்பதுதான் நிருபரின் வேலை. ஒவ்வொரு ஊடகமும் தன் உரிமையாளர் யார், அரசு விளம்பரத்தில் ஆண்டுக்கு எவ்வளவு பெறுகிறது என்பதை வெளியிடட்டும். தலைவர் வந்துபோன ஊருக்கு மூன்று மாதம் கழித்து நிருபரை மறுபடி அனுப்பி, வாக்குறுதி என்ன ஆனது என்று முதல் பக்கத்தில் எழுதட்டும்.