சாம்பிளைப் பார்த்து மூட்டைக்கு விலை பேசலாமா?

கடையில் ஃப்ரீசரும் குளிர்பதனப் பெட்டியும் வந்தபின் கரண்ட் பில் வாடகையோடு போட்டி போடுகிறது. அதனால் கூரையில் சோலார் தகடு போட நினைக்கும் நம்மவர் சிலர், "இரண்டடுக்குத் தகடு வரப்போகிறதாமே, பொறுத்துப் போடலாமா?" என்று கேட்கின்றனர். பொறுக்க வேண்டியதில்லை என்பதே நமது கருத்து.

இன்று பெரும்பாலும் விற்பது சிலிக்கான் தகடு. அதன்மேல் பெரோவ்ஸ்கைட் என்னும் பொருளை மெல்லிய படலமாகப் பூசுவதுதான் புது முறை. மேலடுக்கு நீல ஒளியைப் பிடிக்கும். அதைத் தாண்டி வரும் சிவப்பு ஒளியைக் கீழே சிலிக்கான் பிடிக்கும். ஒரே இடத்தில் இரட்டை வசூல்! சிலிக்கான் தனியாக 29 சதவீதத்துக்குச் சற்று மேல் போக முடியாது என்பது விஞ்ஞானிகள் கணக்கு. சீனாவின் லோங்கி கம்பெனி இரண்டடுக்கில் 2025-ல் 34.85 சதவீதம் எடுத்துக் காட்டியது.

ஆனால் அது ஆய்வுக்கூடத்தில் செய்த சிறு துண்டு. பொட்டலத்தில் வந்த துவரம் பருப்பைப் பார்த்து நூறு மூட்டைக்கு விலை பேசினால் என்னாகும் என்பது நமக்குத் தெரியாததல்ல. பெரிய தகட்டில் அந்தப் படலம் மூலை முடுக்கெல்லாம் ஒரே சீராகப் படிய வேண்டும்; அதுவும் ஆயிரக்கணக்கில். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு பிவி 2010-ல் பல்கலைக்கழக ஆராய்ச்சியிலிருந்து பிறந்த கம்பெனி. ஜெர்மனியில் பிராண்டன்பர்க் நகரில் ஆலை வைத்து, விற்பனைக்கான முதல் சரக்கை அமெரிக்காவுக்கு அனுப்பியதாக அது அறிவித்தது 2024 செப்டம்பரில். பதினான்கு ஆண்டு! அந்தத் தகட்டின் திறன் 24.5 சதவீதம். இதை நாம் குறையாகச் சொல்லவில்லை. சாதாரணத் தகட்டைவிட 20 சதவீதம் வரை கூடுதல் மின்சாரம் என்கிறார்கள். குறுகிய கூரைக்காரருக்கு அது லாபமே.

சங்கடம் ஆயுளில்தான். பெரோவ்ஸ்கைட் ஈரம் பட்டால் கெடும், சூட்டிலும் தளரும். மழைக்கால வெல்லம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காரீயமும் கலந்தது. சிலிக்கான் தகட்டுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் தருகிறார்கள். பெரோவ்ஸ்கைட்டில் முதல் சோலார் செல்லை ஜப்பானில் செய்து காட்டியதே 2009-ல். அப்படியிருக்க, இது 25 ஆண்டு வெயில் மழை தாங்கும் என்பதைக் கண்ணால் கண்டவர் யார்?

ஆகவே தேவையுள்ளவர்கள் இன்றுள்ள தகட்டையே போடலாம். இடம் தாராளமாக இருந்தால் கூரையில் ஒரு பகுதியைக் காலியாக விட்டு வையுங்கள். புதுத்தகடு விற்க வருபவரிடம், பத்தாம் ஆண்டில் எத்தனை சதவீதம் உற்பத்தி நிற்கும், கெட்டால் யார் மாற்றித் தருவார், காரீயமுள்ள பழைய தகட்டை யார் திரும்ப எடுத்துக்கொள்வார் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.