தலையளவு வெற்றி

குதிரைப் பந்தயத்தைப் பற்றித் தமிழ் மாணவன் ஒருவன் எழுதப் புகுந்தமை கண்டு நகைப்பாரும் உளராவர். புறத்திணையுள் குதிரை மறம் என்றொரு துறையே வகுத்துப் பரியின் வீரத்தைத் தனித்துப் பாடிய மரபினர் நாம் என்பதனை அவர்கட்கு நினைவூட்டி அமைகின்றேன். பந்தயத்திற் பணம் வைத்தாடுதல் எமது இல்லத்தில் பெயர் சொல்லவும் ஆகாத செயல். யானும் அதனை ஆதரிப்பவன் அல்லேன். ஆயினும், தன்மீது எவர் எத்துணைப் பொருள் வைத்தார் என்பதை ஓடுகின்ற குதிரை அறியாது. ஆதலின் ஓட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுதலிற் குற்றமில்லை.

யான் கருதியது 2012-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள் இங்கிலாந்தில் அஸ்காட் பந்தய வெளியில், எலிசபெத் அரசியார் முன்னிலையில், அவர்தம் வைர விழாவின் பெயரால் நிகழ்ந்த குறுந்தூர ஓட்டம். தூரம் ஆறு பர்லாங். ஏறத்தாழ ஆயிரத்திருநூறு மீட்டர். ஆஸ்திரேலியாவினின்றும் விமானமேறி வந்த பிளாக் கேவியர் என்னும் பெட்டைக் குதிரை, அதற்கு முன் ஓடிய 21 பந்தயங்களுள் ஒன்றிலேனும் தோற்றதில்லை. அதன் நிறமாகிய இளஞ்சிவப்பிற் கரும்புள்ளி இட்ட கொடிகளையும் கழுத்துத் துணிகளையும் அணிந்து அந்நாட்டார் பல்லாயிரவர் கடல் கடந்து அஸ்காட்டில் வந்து குழுமினர். வர இயலாதோர், மெல்போர்ன் நகரச் சதுக்கத்திலே நள்ளிரவு கடந்தும் குளிரில் நின்று பெருந்திரையை நோக்கியிருந்தனர். அது வெல்லுமா என்று எவரும் வினவவில்லை. எத்தனை உடலளவு முந்தும் என்பதே வினா.

நிகழ்ந்தது வேறு. குதிரை முன்னணிக்கு வந்தது. வெற்றி கைகூடிற்று என்றே யாவரும் எண்ணினர். ஜாக்கி லூக் நோலனும் அங்ஙனமே எண்ணிக் கம்பத்திற்குச் சிறிது முன்னரே செலுத்துதலை நிறுத்திக் கைகளைத் தளர்த்திவிட்டார். அஸ்காட்டின் நேர்தடமோ முடிவை நோக்கி ஏறிச்செல்வது. தளர்ந்த குதிரை அங்கே தானாக மிதந்து செல்லாது. பிரெஞ்சு நாட்டுக் குதிரைகள் இரண்டு, மூன்லைட் கிளவுட் ஒன்று, ரெஸ்டியாதர்ஜாங் மற்றொன்று, இருபுறமும் நெருங்கி வந்தன. திடுக்குற்ற நோலன் கடைசிச் சில அடிகளில் மீண்டும் உந்தினார். முடிவுப் படத்தை ஆராய்ந்து பிளாக் கேவியர் ஒரு தலையளவால் வென்றதென அறிவித்தனர்.

அன்று தொடங்கிய வாதம் பந்தய அன்பரிடையே பின்னரும் ஓயவில்லை. எமது விடுதியிற் சென்ற பருவத்தில் ஒரு மழை இரவு, என் அறை நண்பர் அப் பந்தயப் படத்தைக் கணினியிற் காட்ட, எங்களுக்குள்ளும் அதே வாதம் மூண்டது. உணவு மணி அடித்ததும் எவர் செவியிலும் விழவில்லை.

பிளாக் கேவியரின் புகழ் ஊதிப் பெருக்கப்பட்டது என்பார் ஒரு சாரார். அதே வாரத்தில், அதே அஸ்காட்டில், பிராங்கெல் என்னும் குதிரை ஒரு மைல் ஓட்டத்தை 11 உடலளவால் வென்றதைச் சுட்டி, இதனோ தலையளவு என்பர். மதிப்பீட்டு நூலாகிய டைம்பார்ம், பிராங்கெலுக்கு 147-உம் பிளாக் கேவியருக்கு 136-உம் வழங்கியமையும் அவர் கைக்கருவி. மைல் ஓட்டத்தையும் ஆறு பர்லாங்கையும் ஒரே தராசில் நிறுத்தல் எங்ஙனம் பொருந்தும்? குறுகிய தூரத்தில் இடைவெளி விரிய இடமே இல்லை. தவறினால் திருத்திக்கொள்ளவும் நேரமில்லை. இன்னும் பத்தடி இருந்திருப்பின் மூன்லைட் கிளவுட் வென்றிருக்கும் என்பாரும் உளர். அக் குதிரை எளியதன்று. பிரான்சின் மோரிஸ் தெ கீஸ்ட் பந்தயத்தை 2011 முதல் 2013 முடிய மும்முறை வென்றது. எனினும் பத்தடி கூடிய பந்தயம் வேறொரு பந்தயம். கம்பம் நட்ட இடத்திலேதான் வழக்கு முடிகிறது.

யான் நெடிது நின்று எண்ணியது நோலனைப் பற்றியே. வென்று இறங்கிய ஜாக்கி, தோற்றவனைப்போல முகம் வாடித் தன் பிழையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். வெற்றி பெற்றவனை இகழ்ந்த கூட்டம் அன்று பெரிது. பந்தயத்திற்குப் பின் மருத்துவர் ஆராய்ந்தபோது குதிரையின் பின்னங்காற் பகுதியில் தசை கிழிந்திருந்தமை தெரிந்தது. உடனே அன்பர் சிலர் தலைகீழாக மாறினர். "நோலன் கடுமையாக உந்தியிருப்பின் குதிரை நொடிந்திருக்கும், அவர் தளர்த்தியதே அதனைக் காத்தது" என்று என் அறை நண்பரும் இதனையே வலியுறுத்தினார்.

இதனை யான் ஏற்கிலேன். தசை கிழிந்தமை நோலனுக்கு அந்நொடியிற் தெரியாது. அறியாது செய்த செயல் நற்பயன் விளைத்ததெனின், அதனை நல்லூழ் எனலாமேயன்றி மதி எனலாகாது. அவரே பிழை என்றதை நாம் திறமை என்று மாற்றிப் பட்டம் சூட்டுவது அவர்தம் நேர்மையைக் குறைப்பதாகும். ஆனால் அதே காயத்தைக் குதிரையின் கணக்கில் வையாது விடுதலும் அநீதி. கிழிந்த தசையோடு, கண்டம் கடந்து வந்து, ஏற்றமான தடத்தில், செலுத்துவார் இன்றியே தலையளவு முந்திற்று. தலையளவைக் கொண்டு அதனைச் சிறிதென்பார், அத் தலையளவு எவற்றைத் தாங்கி நின்றது என்று எண்ணினாரில்லை. ஒரே செய்தி குதிரைக்குச் சான்றாகும், ஜாக்கிக்குச் சான்றாகாது. இவ் வேற்றுமையைக் காணாமையே வாதம் முடிவின்றி நீள்வதற்குக் காரணம் என்பது என் துணிபு.

வேறொன்றும் உண்டு. அன்று தலையளவு மறுபக்கம் சாய்ந்திருப்பின் நோலன் பெயர் என்னவாகியிருக்கும்? பிழை அதுவே, அளவும் அதுவே. முடிவு மாறியிருப்பின் இகழ்ச்சி பதின்மடங்காகியிருக்கும். பார்ப்போர் தீர்ப்பிடுவது செய்கையையா, விளைவையா என்று யான் கேட்டபோது விடுதியில் எவரும் விடை கூறவில்லை. ஒருவர் மட்டும் தேர்வு மதிப்பெண்ணை எண்ணிப் பெருமூச்செறிந்தார்.

பிளாக் கேவியர் ஓய்வு கொண்டு 2013-இல் மீண்டு வந்து மேலும் மூன்று பந்தயங்களை வென்றது. 25 ஓட்டம், 25 வெற்றி என்னும் கணக்கோடு விடைபெற்று, 2024-இல் இறந்தது. அஸ்காட்டிற்குப் பின் வந்த அம் மூன்று ஓட்டங்களிலும் அதன் முதுகில் அமர்ந்தவர் நோலனே. பயிற்சியாளர் பீட்டர் மூடியும் உடைமையாளரும் வேறொருவரைத் தேடவில்லை. என் அறை நண்பரோ இன்னும் இணங்கவில்லை. விடுமுறை கழிந்து வந்ததும் அக் கடைசி நூறு கஜத்தை மறுபடியும் போட்டுக் காட்டுவதாகச் சொல்லிச் சென்றிருக்கிறார்.