நாமே திருத்துவோம்: நெடும்பயணத்துக்கு ஒரு மோட்டார் சைக்கிள்



சென்ற இதழில் தையல் இயந்திரத்தைக் கழற்றித் துடைத்து ஒயில் விடுவதைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகி ஒருவர் ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறார். தொலைக்காட்சியில் ஒரு பெண் தனியாக மோட்டார் சைக்கிளில் மலையும் மணலுமாக நாடு நாடாகப் போவதைத் தானும் மகளும் பார்த்தார்களாம். "நடுக்காட்டில் வண்டி பழுதானால் அவள் யாரைக் கூப்பிடுவாள் அம்மா?" என்று மகள் கேட்டாளாம். "எனக்குப் பதில் தெரியவில்லை, நீங்களாவது சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தார்.

நல்ல கேள்வி. பெரும்பாலும் அவள் யாரையும் கூப்பிடமாட்டாள். எது எது பழுதாகலாம் என்று வீட்டிலிருக்கும்போதே எண்ணிப் பார்த்து, அதற்கு வேண்டியதைக் கையோடு கொண்டுதான் வெளிக்கிட்டிருப்பாள். இம்முறை அந்த ஆயத்தத்தைப் பற்றிப் பார்ப்போம்.

எல்ஸ்பெத் பியர்ட் என்ற இங்கிலாந்துப் பெண் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்தவர். 1982இல், இருபதுகளின் தொடக்கத்தில், உலகைச் சுற்றப் புறப்பட்டார். அவரிடம் இருந்தது 1974ஆம் ஆண்டுத் தயாரிப்பான பழைய பி.எம்.டபிள்யூ. 600 சிசி வண்டி. அது கரடுமுரடான பாதைக்கென்று செய்யப்பட்டதும் அல்ல. அவுஸ்திரேலியாவில் காசு முடிந்ததும் சிட்னியில் வேலை செய்தார். ஒரு கராஜில் தங்கிக்கொண்டு வண்டியைப் பழுது பார்த்தார். பூட்டக்கூடிய உலோகப் பெட்டிகளைத் தானே செய்து பொருத்தினார். தாய்லாந்தில் குறுக்கே ஒரு நாய் பாய்ந்ததில் விழுந்து காயப்பட்டார். ஓர் ஏழைக் குடும்பம் அவரைப் பராமரித்தது. தேறியதும் வண்டியைத் திருத்திக்கொண்டு மலேசியாவுக்குத் திரும்பி, பினாங்கிலிருந்து கப்பலில் சென்னைக்கு வந்தார். இந்தியா, பாகிஸ்தான், ஈரான் வழியாக 1984இல் வீடு திரும்பினார். ஏறத்தாழ 56,000 கிலோமீற்றர் ஓடியிருந்தார்.

"எங்களிடம் அவ்வளவு பெரிய வண்டி இல்லையே" என்று நினைக்காதீர்கள். அவருக்கு முன்னரே, 1973இல், ஆன் பிரான்ஸ் டோத்வில் என்ற பிரெஞ்சுப் பெண் கவசாகி 125 சிசி வண்டியில் தனியாக உலகைச் சுற்றினார். 125 சிசி என்பது இன்று எங்கள் வீதிகளில் தினமும் ஓடுகிற அளவுதான்.

எப்படிப்பட்ட வண்டி?

தார் வீதியிலும் கிரவல், மணல், சேற்றுப் பாதையிலும் ஓடக்கூடிய வண்டியை எங்கள் பக்கத்தில் 'ட்ரெயில் பைக்' என்பார்கள். நம்மில் பலர் அதைச் சீருடைக்காரரோடுதான் கண்டிருக்கிறோம். யமஹா நிறுவனம் 1968இல் வெளியிட்ட டி.டி. 1 என்ற 250 சிசி வண்டிக்குப் பிறகே இந்த வகை பரவலானது. உயர்ந்த அடிப்பாகம், நீண்டு அமுங்கும் ஸ்பிரிங், முன்னுக்கு 21 அங்குலப் பெரிய சில்லு, பின்னுக்கு 18 அல்லது 17 அங்குலச் சில்லு. பாரம் குறைவு, திருத்துவது சுலபம். இதனால்தான் தூரப் பயணக்காரர் பலர் இதை விரும்புகிறார்கள். ஆனால் கடையிலிருந்து வரும்போது இது தூரப் பயணத்துக்குத் தயாராக இருப்பதில்லை. பெற்றோல் தாங்கி சிறியது, இருக்கை ஒடுங்கியது, சாமான் வைக்க இடம் குறைவு.

சில்லும் ரயரும்

வழியில் அதிகம் வரும் பழுது காற்றுப் போவதுதான். கட்டை கட்டையாகப் பற்கள் வைத்த ரயர் மணலைப் பிடிக்கும், ஆனால் தார் வீதியில் விரைவாகத் தேயும். போகும் பாதையில் எது கூட என்று பார்த்துத் தெரிவு செய்ய வேண்டும். மணலில் காற்றை 20 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்தால் ரயர் அகன்று புதையாமல் ஓடும். தாருக்கு ஏறியதும் திரும்ப அடிக்க வேண்டும். அதனால் கைப்பம் ஒன்று கட்டாயம்.

இரண்டு மூன்று ரயர் லீவர், ஒட்டு, சொலூசன், ஒரு மேலதிக ரியூப் கொண்டு போகவேண்டும். இடம் போதாவிட்டால் முன்சில்லின் 21 அங்குல ரியூப் ஒன்றே போதும். அவசரத்துக்கு அதையே பின்சில்லுக்குள்ளும் மடித்து வைத்து ஓடலாம். ஆனால் இதை முதன்முதலாக வழியில் செய்து பழகக்கூடாது. வீட்டு முற்றத்தில் பின்சில்லை ஒருமுறையாவது கழற்றி, ரியூப்பை எடுத்து, திரும்பப் பூட்டிப் பாருங்கள். முதல் தடவை அரை நாள் போகும். மூன்றாம் தடவை வெகு விரைவாக முடியும்.

சில்லின் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சிறிய ஸ்பனரால் தட்டிப் பாருங்கள். இறுக்கமான கம்பி 'ணங்' என்று ஒலிக்கும். தளர்ந்த கம்பி செத்த சத்தம் தரும்.

செயின், ஒயில், காற்று வடி

செயினை மிக இறுக்கமாக வைக்கக்கூடாது. ஆள் ஏறிச் சாமானும் ஏற்றினால் ஸ்பிரிங் அமுங்கும், செயின் இன்னும் இழுபடும். எவ்வளவு தளர்வு வேண்டும் என்பது வண்டியோடு வரும் கையேட்டில் இருக்கும். செயின் ஓடும் பற்சில்லின் பற்கள் கொக்கிபோல வளைந்திருந்தால், செயினையும் பற்சில்லுகளையும் ஒன்றாகவே மாற்றவேண்டும். செயினைப் பூட்டும் இணைப்பு ஒன்றைக் கையில் வைத்திருங்கள். விரல் நுனியளவு சாமான், ஆனால் அது இல்லாவிட்டால் வண்டி அசையாது.

தூசிதான் இயந்திரத்தின் எதிரி. ஸ்பொஞ் வகைக் காற்று வடியைக் கழற்றி மண்ணெண்ணெயில் அலசி, சவர்க்கார நீரில் கழுவி, நிழலில் காயவைத்து, ஒயில் தேய்த்துப் பிழிந்து பூட்ட வேண்டும். தூசி வீதியென்றால் ஒவ்வொரு மாலையும் திறந்து பார்க்க வேண்டும். இயந்திர ஒயிலின் அளவைக் காலையில் வெளிக்கிட முன் பார்ப்பது பல் துலக்குவது போலப் பழக்கமாக வேண்டும்.

பிளக் பற்றி எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. 1990களில் பெற்றோல் வராத காலத்தில், சின்னப் போத்தலில் பொத்திவைத்த பெற்றோலில் சில துளி விட்டு இயந்திரத்தை எழுப்பி, மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய ஊர் எங்களுடையது. கரி பிடித்த பிளக்கைக் கழற்றித் தேய்த்துப் பூட்ட அன்று பெண்பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. அந்த அறிவை விட்டுவிடாதீர்கள்.

கேபிள்

இதை மட்டும் என் சொந்த அனுபவத்தோடு சொல்கிறேன். 2012இல் ஒரு மாலை, புளியங்குளத்திலிருந்து நெடுங்கேணிப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். கிளச் கேபிள் அறுந்துவிட்டது. வீடு வாசல் இல்லாத இடம். கிளச் இல்லாமலும் வண்டியைத் தள்ளி எழுப்பி மெதுவாகக் கொண்டுபோகலாம் என்பது எனக்கு அன்று தெரியாது. இரண்டு மணித்தியாலம் தள்ளிக்கொண்டு நடந்தேன். பின்னால் வந்த ஒவ்வொரு வாகன வெளிச்சத்துக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டது. வீட்டில் பிள்ளைகள் படலையைப் பிடித்தபடி நின்றார்கள். சின்னவள் என்னைக் கண்டதும் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாள். ஒருமுறை வீட்டைவிட்டுப் போனவர் திரும்பி வராததைக் கண்ட பிள்ளை அவள்.

ஒரு கேபிளுக்காக அவளை அப்படி நிற்கவைத்தேனே என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

தூரப் பயணக்காரர் செய்யும் வழி எளியது. புதிய கேபிளைப் பழைய கேபிளின் பக்கத்திலேயே, அதே வழியால் ஓடவிட்டு, ரேப்பால் கட்டிவிடுவார்கள். பழையது அறுந்தால் இரு முனைகளையும் மாற்றிக் கொழுவினால் போதும். இப்போது என் வண்டியிலும் அப்படித்தான் இருக்கிறது. கிளச் பிடியும் பிரேக் பிடியும் விழுந்தால் முறியும். அவற்றிலும் ஒவ்வொன்று கொண்டு போகவேண்டும். இயந்திரத்தின் அடியில் கல் அடிக்காமல் ஓர் உலோகத் தகடு பூட்டினால் நல்லது.

நீண்ட ஓட்டத்தில் அதிர்வால் நட்டுகள் தளரும். ஒவ்வொரு நட்டையும் இறுக்கியபின், நட்டிலிருந்து சட்டம்வரை பெயின்றால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கோடு விலகியிருந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது என்று பார்த்தவுடனே தெரியும்.

பாரமும் பெற்றோலும்

முதன்முதல் போகிறவர்கள் எல்லோரும் சாமானைக் கூடத்தான் கட்டுகிறார்கள். கொண்டுபோக நினைப்பதை எல்லாம் பாயில் பரப்பி, பாதியைத் திரும்ப அலுமாரியில் வையுங்கள். பாரமானவை கீழேயும் முன்பக்கமாகவும் இருக்கவேண்டும். எல்லாவற்றையும் பின்னால் உயரக் கட்டினால் முன்சில்லு பிடிப்பை இழக்கும், பின்சட்டமும் வெடிக்கும்.

பெற்றோலுக்கு ஒரு கணக்கு. தாங்கியில் 8 லீற்றர், லீற்றருக்கு 30 கிலோமீற்றர் என்றால் 240 கிலோமீற்றர். அதில் கால்பங்கைக் கழித்துவிடுங்கள், ஏனென்றால் மணலும் எதிர்க்காற்றும் பெற்றோலைக் குடிக்கும். ஆகவே 180 கிலோமீற்றருக்குள் அடுத்த நிலையம் இருக்கவேண்டும், அல்லது மேலதிகக் கலன் வேண்டும். குடிதண்ணீரும் இதேபோல. வறண்ட வெயிலில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 அல்லது 5 லீற்றர் என்று கணக்கு வையுங்கள்.

ஆவணங்கள்

எல்ஸ்பெத்தின் கடவுச்சீட்டும் மற்ற ஆவணங்களும் சிங்கப்பூரில் களவுபோயின. அவற்றைத் திரும்ப எடுக்க அவர் அங்கே வாரக்கணக்கில் நிற்க வேண்டியிருந்தது. இயந்திரம் நல்லாக இருந்தும் வண்டி நின்றது. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை எல்லாவற்றையும் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடிய எங்களுக்கு இதன் அருமை விளங்கும். மூலப்பிரதி உடம்போடு, பிரதி ஒன்று வண்டியில், இன்னொன்று வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் என்று வையுங்கள்.

விழுந்த வண்டியைத் தூக்குதல்

"பெண்ணால் தூக்க முடியுமா?" என்று கேட்பார்கள். கை பலத்தால் தூக்க முயன்றால் ஆணுக்கும் முதுகு பிடிக்கும். முதலில் இயந்திரத்தை நிறுத்திப் பெற்றோல் வழியைப் பூட்டுங்கள். வண்டி வலப்பக்கம் விழுந்திருந்தால், இடப்பக்கத்துக் கால்தாங்கியை முன்கூட்டியே விரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் நிமிர்த்தியதும் மறுபக்கம் சாய்ந்துவிடும். ஹாண்டிலை நிலத்திலிருக்கும் பக்கத்துக்கு முழுதாகத் திருப்புங்கள். வண்டிக்கு முதுகைக் காட்டி, இருக்கையில் இடுப்பை ஒட்டிக் குந்துங்கள். ஒரு கையால் ஹாண்டில் பிடியையும் மறு கையால் பின்சட்டத்தையும் பிடித்து, முதுகை நேராக வைத்துக்கொண்டு, கால்களால் உன்றிச் சிறுசிறு அடியாகப் பின்னுக்கு நடவுங்கள். வண்டி எழும்பும். முதலில் பக்கத்தில் ஓர் ஆளை வைத்துக்கொண்டு பழகுங்கள்.

கடைசிப் பரீட்சை

இவ்வளவும் செய்தபின் ஒரு வேலை மிச்சம். பயணத்துக்கு இரண்டு கிழமைக்கு முன், கொண்டுபோகும் பையில் உள்ள ஸ்பனர், குறடு, லீவர் ஆகியவற்றை மட்டும் வைத்து வண்டியை ஒருமுறை முழுதாகச் சேவிஸ் செய்யுங்கள். பையில் இல்லாத ஏதாவது ஒன்றுக்காக வீட்டுக்குள் எழும்பிப் போனால், அதைப் பையில் சேருங்கள். ஒருபோதும் தொடாத சாமானை வெளியே எடுங்கள். பிறகு முழுப் பாரத்தோடு ஒரு நாள் ஓடிப் பாருங்கள். வெளிக்கிடும் முதல்நாள் இரவில் புதிய பாகம் எதையும் பூட்டாதீர்கள்.

நாங்கள் எல்லோரும் உலகைச் சுற்றப் போவதில்லை. கச்சேரிக்கு, சந்தைக்கு, பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு, நிவாரண அலுவலகத்துக்குப் போகிறோம். ஆனால் மாலையில் தனி வீதியில் வண்டி நின்றால், எல்ஸ்பெத்துக்கு வந்த அதே கேள்விதான் எங்களுக்கும் வரும். ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் ஒரு பாயை விரித்து, வீட்டில் உள்ள வண்டியோ சைக்கிளோ ஒன்றின் பின்சில்லைக் கழற்றிப் பூட்டிப் பாருங்கள். கடிதம் எழுதிய சகோதரி மகளையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளட்டும். ஸ்பனரை அவளிடமே கொடுங்கள். அவள் கேட்ட கேள்விக்குப் பதில் அவள் கையிலேயே வரட்டும்.

அடுத்த இதழில் தண்ணீர் இறைக்கும் பம் நீரை இழுக்காமல் நின்றால் என்ன செய்வது என்று பார்ப்போம்.