ஒரு கோலுக்கு ஐந்து டாலர்



போன குளிர்காலத்தில் எங்கள் வீட்டுப் பையனிடம், "ஒரு கோல் போட்டால் ஐந்து டாலர்" என்று சொல்லிவிட்டோம். போட்டான். ஆனால் பந்தை மற்றவர்களுக்குக் கொடுப்பதையே விட்டுவிட்டான். காசை நிறுத்தியதும் சனிக்கிழமை காலையில் படுக்கையை விட்டு எழவே மனமில்லை.

நர்சிங் படிக்கும்போது உளவியல் பாடத்தில் படித்ததுதான். பிள்ளை என்று வந்ததும் மறந்துவிட்டோம். 1971-ல் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டெசி மாணவர்களுக்குப் புதிர்க் கட்டைகளைக் கொடுத்துப் பார்த்தார். காசு வாங்கிச் செய்தவர்களுக்கு, காசு நின்றதும் அதில் ஆசை குறைந்தது. பிறகு ரிச்சர்ட் ரையனோடு சேர்ந்து அவர் சொன்னது இது: "நானே விரும்பி வந்தேன், எனக்கு இது வருகிறது, என்னோடு ஆட்கள் இருக்கிறார்கள்" என்ற மூன்றும் இருந்தால் ஆர்வம் நிலைக்கும். விளையாட்டு உளவியலில் இன்றும் இது முக்கியமான கோட்பாடு.

நம் ஆக்லாந்திலேயே நார்த் ஹார்பர் ரக்பி சங்கம் 2019-ல் சிறுவர்களுக்கான பிரதிநிதி அணிகளைக் கைவிட்டது. சின்ன வயதிலேயே சிலரைப் பொறுக்கி எடுத்தால் மற்றவர்கள் விளையாட்டையே விட்டுவிடுகிறார்கள் என்பது காரணம். பெற்றோர் பலருக்குக் கோபம். நாங்களும் கோபப்பட்டிருப்போம், உண்மையைச் சொன்னால்.

இப்போது காரில் ஏறியதும் "எத்தனை கோல்?" என்று கேட்பதில்லை. வாய் துறுதுறுக்கும், அடக்கிக்கொள்கிறோம். போன சனிக்கிழமை பாதி வழியில் அவனே சொன்னான்: "அம்மா, இன்னைக்கு நான் பாஸ் பண்ணித்தான் அவன் கோல் போட்டான்."