விலைக்கு மல்லுக்கட்டுகிறோம், அளவுக்கு ஏன் வாய் திறப்பதில்லை?

கத்தரிக்காய் வாங்கும்போது தராசு முள்ளையே உற்றுப் பார்க்கிறவர்கள் நாம். கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைக்க கால் மணி நேரம் நிற்போம். அதே நாம் வீடு கட்டும்போது, "நிலைக்கும் ஜன்னலுக்கும் 28 கன அடி மரம் வேணும்" என்று சொன்னால், ஏன் 28 என்று கேட்பதே இல்லை. "கன அடி என்ன விலை?" என்பதோடு சரி.

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். அம்மாவின் வளையல் அடகில் இருக்கிறது. அப்பா மரவாடியில் கன அடிக்கு 50 ரூபாய் குறைத்துவிட்டுப் பெருமையாக வந்தார். 28 கன அடிக்கு 1,400 ரூபாய் லாபமாம்!

நான் பி.காம். மாணவன். காஸ்ட் அக்கவுண்டிங்கில் விலை மாறுபாடு, பயன்பாட்டு மாறுபாடு என்று இரண்டு உண்டு. வாங்கிய விலையில் எவ்வளவு போனது, தேவைக்கு மேல் வாங்கியதில் எவ்வளவு போனது என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பரீட்சையில் இதற்கு மார்க் வாங்குகிறோம், வீட்டில் மறந்துவிடுகிறோம்.

சரி, கணக்குக்கு வருவோம். சட்டத்தின் அகலம், கனம் இரண்டையும் அங்குலத்தில் பெருக்கி, நீளத்தை அடியில் பெருக்கி, 144 ஆல் வகுத்தால் கன அடி. அவ்வளவுதான்.

தலைவாசல் நிலை 7 அடி உயரம், 3½ அடி அகலம், கீழ்ப்படியோடு நான்கு பக்கமும் 21 அடி. 6×4 சட்டம் என்றால் 3.5 கன அடி. உள் அறை நிலைகள் நான்கு. ஒவ்வொன்றும் மூன்று பக்கம் சேர்ந்து 17 அடி, 5×3 சட்டம். நான்குக்கும் 7.1 கன அடி. 4×4 அடி ஜன்னல்கள் ஐந்து. நடுச்சட்டத்தோடு தலா 20 அடி, 4×3 சட்டம். மொத்தம் 8.3 கன அடி. எல்லாம் கூட்டினால் 18.9. சேதாரம் பத்து சதவீதம் போட்டாலும் 21தான் வருகிறது.

இந்தத் தாளோடு ஆசாரியிடம் போனேன். உடனே "ஆசாரி ஏமாற்றுகிறார்" என்று கிளம்பிவிடாதீர்கள். அவர் என் கணக்கில் இரண்டு தப்பு காட்டினார். மேல் சட்டம் சுவருக்குள் போக இரண்டு பக்கமும் கொம்பு விட வேண்டுமாம், அதை நான் சேர்க்கவில்லை. மரம் நாம் கேட்கிற நீளத்திலேயே கிடைக்காது, துண்டு விழும் என்பதும் எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்து 23 என்று முடிந்தது. அப்புறம் 28 எங்கிருந்து வந்தது? "பக்கத்துத் தெரு வீட்டுக்கு அவ்வளவு ஆச்சு தம்பி. அதான் சொன்னேன். யாரும் கேக்கறதில்லையே."

அந்த வீட்டில் ஜன்னல் எத்தனை என்று எங்களுக்கு யார் சொன்னது?

மிச்சமான 5 கன அடிக்கு என் ஒரு வருடக் கல்லூரிக் கட்டணத்தையே கட்டிவிடலாம். அப்பா பேரம் பேசி மிச்சம் பிடித்தது 1,400.

"மரம் குறைந்தால் மறுபடி வண்டி வாடகை" என்பார்கள். நியாயம்தான். அதற்குத்தானே சேதாரம் என்று தனியாக எழுதுகிறோம்? "மீந்தது அலமாரிக்கு ஆகும்" என்பார்கள். துண்டு துண்டாக மீந்த சட்டத்தில் அலமாரி செய்த வீட்டை எனக்குக் காட்டுங்கள் :-) பெரும்பாலும் அது வெந்நீர் அடுப்புக்குத்தான் போகிறது. "கணக்குக் கேட்டால் ஆசாரி கோபித்துக்கொள்வார்" என்பதுதான் பெரிய பயம். எங்கள் ஆசாரி கோபிக்கவில்லை. தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

தப்பு நம்முடையது. கேட்பதை அவமரியாதை என்று நினைக்கிறோம். கடன் வாங்கிக் கட்டுகிற வீட்டில் கேட்காமல் இருப்பதுதான் அவமரியாதை, அதுவும் வளையலைக் கழற்றிக் கொடுத்தவருக்கு.

உங்கள் வீட்டில் நிலை வைக்க நாள் பார்க்கும் முன், எந்தச் சட்டம், எத்தனை, என்ன சைஸ், என்ன நீளம் என்று ஒரு பக்கத்தில் எழுதி வாங்குங்கள். விலை பேசுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.