சாவு வீட்டில் ஒரு போட்டோ

தமிழ்நாட்டில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் முதலில் தேடுவது போட்டோவைத்தான். கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸுக்கு உடனே வேண்டுமே! தாத்தா என்றால் ஏதாவது ஒன்று கிடைத்துவிடும். பாட்டி என்றால்? வாக்காளர் அட்டைதான். 1993-ல் தேர்தல் கமிஷன் போட்டோ அட்டைக்கு உத்தரவு போட்டிருக்காவிட்டால் பல பாட்டிகளுக்குத் தனிப்படமே இருந்திருக்காது. அதுவும் இல்லையென்றால் கல்யாண குரூப் போட்டோவிலிருந்து தலையை மட்டும் வெட்டி, பின்னால் நீல வானம் ஒட்டிக் கொடுப்பார் ஸ்டூடியோக்காரர். அந்த முறைத்த முகம்தான் இனிமேல் சுவரில்.

அதே பாட்டி பேரனுக்குச் சோறு ஊட்டும் படம், பொக்கை வாயோடு சிரிக்கும் படம் எல்லாம் யார் யாருடைய செல்லிலோ தூங்குகிறது. அதை யாரும் கேட்பதில்லை, கொடுப்பதும் இல்லை. ஐஸ் பெட்டிக்குள் இருக்கும் முகத்தை மட்டும் தவறாமல் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுகிறார்கள். லீவு கிடைக்காமல் துபாயில் தவிக்கும் மகனுக்கு அது தேவைப்படலாம். அவருக்குத் தனியாக அனுப்பலாமே, பள்ளிக்கூடம் போகும் பேத்திக்கு எதற்கு?

பதினாறாம் நாள் எப்படியும் சொந்தம் கூடுகிறது. பந்திக்கு முன்னால் ஆளுக்கொரு படம் எடுத்து வைத்து, எங்கே எப்போது எடுத்தது என்று சொன்னால் என்ன? சித்தப்பா திருச்செந்தூர் என்பார், அத்தை இல்லவே இல்லை பழனி என்பார். சண்டை வரும், வரட்டும்! கையோடு ஒரு பேனா இருந்தால் பின்பக்கம் ஊரும் வருஷமும் எழுதிவிடலாம். அந்தக் கல்யாண குரூப் போட்டோவில் ஓரமாக நிற்பது யார் என்று சொல்லத் தெரிந்தவர்கள் எல்லோரும் அன்றைக்கு ஒருநாள்தான் ஒரே பாயில் உட்கார்ந்திருப்பார்கள்.