எத்தனை கன அடிக்கு எந்தத் தெரு?

மேட்டூர் அணையிலிருந்து காவிரியில் விநாடிக்கு இரண்டு லட்சம் கன அடி ஜலம் திறந்துவிடப்படுகிறது என்று செய்தி வந்துவிட்டால், குமாரபாளையத்து இந்திரா நகரிலும், பவானி நகரின் கரையோரத் தெருக்களிலும், பள்ளிபாளையத்திலும், ஈரோட்டுக் கருங்கல்பாளையத்திலும் தாழ்வான இடத்தில் குடியிருப்பவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கோ கல்யாண மண்டபத்துக்கோ போய்ச் சேரவேண்டியதுதான் என்பது, 2018-லும் 2022-லும் பிரத்தியட்சமாகக் கண்ட விஷயம். அணை இருக்கிறது, அளவு இருக்கிறது, கதவணைகளைத் தாண்டி ஜலம் பவானிக்கு வந்து சேரச் சில மணி நேர அவகாசமும் இருக்கிறது. ஆகையால், இத்தனை கன அடிக்கு இன்ன தெருவில் இன்ன வாசற்படி வரையில் ஜலம் ஏறும் என்பதைக் கணக்கிட்டு, அதைத் தெருமுனைச் சுவரில் கோடாகவே தீட்டி வைக்கவேண்டும் என்பது என் கட்சி.

அந்தக் கணக்கில் காவிரி ஒன்றே போதாது. காவிரி கரைபுரளும்போது, கூடுதுறையில் அதனோடு கலக்கவேண்டிய பவானி ஆறு போக வழியின்றிப் பின்வாங்கித் தேங்குகிறது. பவானிசாகரிலும் அதே சமயத்தில் உபரிநீர் திறந்தால் சொல்லவேண்டியதில்லை. அந்த அணையின் கொள்ளளவு உயரம் 105 அடியானாலும் அக்டோபர் முடியும் வரையில் 102 அடிக்கு மேல் தேக்குவதில்லை என்ற நியதி, அபாயத்தை முன்கூட்டி நிர்ணயித்து அதற்கு இடம் ஒதுக்கிய புத்திசாலித்தனத்துக்கு நல்ல அத்தாட்சி. மேட்டூரிலும் அப்படிச் செய்யலாகாதா என்று கேட்பது சுலபம். மேட்டூர் ஜலத்தை நம்பிப் பயிரிடும் தஞ்சை விவசாயி சம்மதிக்கமாட்டார், அவர் பக்கம் நியாயமும் உண்டு.

ஜலத்தின் உயரத்தோடு, அது யார் வீட்டில் புகுகிறது என்பதையும் சேர்த்து எடைபோட்டால்தான் சேதத்தின் உண்மையான அளவு தெரியும். முழங்கால் ஜலம் மாடிவீட்டுக்காரருக்கு இரண்டு நாள் சங்கடம். குழித்தறியில் ஜமக்காளம் நெய்கிறவருக்கோ முதலில் நிறைவது தறிக்குழி. பாவு கெட்டு, மரம் ஊறி, ஜலம் வடிந்த பிறகும் பல நாள் கூலி கிடையாது. இப்படிப்பட்டவரை, தறி போட இடமில்லாத தூரத்து அடுக்குமாடி வீட்டுக்குப் போகச் சொன்னால், அவர் மறுபடியும் கரைக்கே திரும்புவதில் ஆச்சரியம் என்ன?

இதெல்லாம் அணைக்குக் கீழே இருக்கும் ஊர்களுக்கு. கோவையின் சங்கனூர்ப் பள்ளத்துக்கும், 2011 நவம்பரில் திருப்பூரில் உயிர்களைப் பலிகொண்ட வெள்ளத்துக்கும் மேட்டூரைப் போல முன்னறிவிக்க ஓர் அணை கிடையாது. மேலே கொட்டிய மழை பொழுது விடிவதற்குள் வீட்டுக்குள் நிற்கும். அங்கே மழைமானியும், பழைய அணைக்கட்டுகளிலிருந்து குளத்துக்குக் குளம் போகும் வாய்க்கால்களின் அகலமுமே கணக்கின் ஆதாரம்.

வருவாய்த் துறையும் நகராட்சிகளும் அடுத்த ஆடிக்கு முன்பாக, 2018, 2022 வெள்ளம் ஏறிய மட்டத்தைச் சுவர்களில் குறிக்கட்டும். அந்தக் கோட்டுக்குக் கீழே புதிய கட்டிடத்துக்கு அனுமதி கொடுக்காதிருக்கட்டும். ஏற்கெனவே அங்கே இருப்பவர்களுக்குத் தறியோடு குடியேறத்தக்க மேட்டுநிலத்தை அதே ஊரில் தேடிக் கொடுக்கட்டும்.